மரண அறிவித்தலில் விடுபட்ட ஒரு வரி

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் பத்திரிகையை நான் கடைசிப் பக்கங்களிலிருந்துதான் வாசிக்கத் தொடங்குவேன். என் வயதில் பலரும் அப்படித்தான். முதலில் மரண அறிவித்தல், அப்புறம் 31ஆம் நாள் நினைவஞ்சலி, அதற்குப் பிறகுதான் அரசியலும் அரிசி விலையும். இரண்டு கிழமைக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை காலை, தேத்தண்ணியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அப்படிப் பார்த்துக்கொண்டு போகையில் ஓர் அறிவித்தலைத் தாண்டிப் பக்கத்தையும் புரட்டிவிட்டேன். ‘கொட்டாஞ்சேனையைப் பிறப்பிடமாகவும் வத்தளையை வதிவிடமாகவும் கொண்ட’ என்று வாசித்தது மனதில் நின்றது. கொட்டாஞ்சேனை என்றால் நமக்குத் தெரிந்த ஆளாக இருக்குமே என்று திரும்பப் புரட்டிப் படத்தைப் பார்த்தேன்.

படத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்தாள். அடையாள அட்டைக்கு எடுத்த படமாக இருக்க வேண்டும். ஆறு வயதிலிருந்து எனக்கு அவளைத் தெரியும். வாய் மூடிய அந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை, அதனால்தான் ஆளைத் தெரியவில்லை. பெயரும் பழக்கமில்லாத பெயர், கணவரின் பெயரோடு சேர்ந்த முழுப்பெயர். எங்கள் வகுப்பில் யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எங்களுக்கு அவள் ‘ரேடியோ’. பெயரை மறுபடி பத்திரிகையில் போட வேண்டாம் என்று பிள்ளைகள் கேட்டுக்கொண்டார்கள். ஆகவே இந்தக் கடிதத்திலும் ரேடியோ என்றே எழுதுகிறேன். அவளுக்கும் அதுதான் பிடிக்கும்.

அறிவித்தலில் பிழை ஒன்றுமில்லை. இன்னாரின் அன்பு மகளும், இன்னாரின் அருமை மனைவியும், இன்னாரின் பாசமிகு தாயாரும், இன்னாரின் மைத்துனியும், மாமியாரும், அம்மம்மாவும் ஆவார் என்று எல்லாரையும் ஒழுங்காகப் போட்டிருந்தார்கள். பெயர்களை எண்ணினேன், பதினேழு பேர். அந்தப் பதினேழு பேருக்கும் அவள் யார் என்று தெரிகிறது. 1974இல் கொட்டாஞ்சேனையில் ஒரு பெண்கள் பாடசாலையில், ஏழாம் வகுப்பில், வாங்கின் மேல் ஏறி நின்ற பிள்ளையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அதை எழுதத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் இளைய வாசகர்களுக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். அப்போது எங்கள் வீடுகளில் டெலிபோன் இல்லை. ரூபவாஹினித் தொலைக்காட்சி வந்தது 1982இல். உலகத்தில் நடப்பது எல்லாம் வானொலிப் பெட்டிக்குள்ளிருந்துதான் வரும். 1967இல் அது இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் ஆகிவிட்டாலும் எங்கள் வீடுகளில் ‘ரேடியோ சிலோன்’ என்றுதான் சொல்வோம். பாட்டு, நாடகம், சிறுவர் நிகழ்ச்சி, பிறந்தநாள் வாழ்த்து எல்லாவற்றோடும் மரண அறிவித்தலும் அதில் வரும். மட்டக்களப்பில் ஒருவர் செத்தால் கொழும்பில் இருக்கும் தம்பிக்கு வானொலிதான் சொல்லும். அந்த நேரத்தில் வீட்டில் யாரும் வாய் திறக்கக்கூடாது. அம்மா குழம்புச் சட்டியில் அகப்பையைக் கூடத் தட்ட மாட்டார். அறிவிப்பாளர் ஒவ்வொரு ஊர்ப் பெயரையும் நிறுத்தி நிறுத்தி, ஏற்றம் இறக்கம் இல்லாமல் வாசிப்பார். அதே நிலையத்தில் பிறந்தநாள் வாழ்த்து வாசிக்கும்போது குரலில் சர்க்கரை கலந்திருக்கும். அப்பப்பா, அப்பம்மா, அம்மப்பா, அம்மம்மா, சித்தி, சித்தப்பா என்று உறவுகள் வரிசையாக வந்து வாழ்த்துவார்கள்.

இந்த இரண்டு குரலும் ரேடியோவுக்கு அப்படியே வரும். அறிவிப்பாளர் ராஜேஸ்வரி சண்முகம் மாதிரி மெதுவாகப் பேசுவாள், பிற்பாடு அறிவிப்பாளர் கே.எஸ். ராஜா மாதிரி மூச்சு விடாமலும் பேசுவாள். ஆனால் அவளுடைய சொந்தச் சரக்கு மரண அறிவித்தல்தான். வகுப்பில் எது உடைந்தாலும், எது தொலைந்தாலும் அவள் அறிவித்தல் வாசித்தால்தான் காரியம் முடிந்ததாகக் கணக்கு.

என்னிடம் ஓர் அழிறப்பர் இருந்தது. ஒரு பக்கம் சிவப்பு, பென்சிலுக்கு. மறுபக்கம் நீலம், மைக்கு. வெளிநாட்டுச் சாமான் எதுவும் இலகுவில் கிடைக்காத காலம் அது. அப்பா செட்டியார் தெருவில் ஒரு நகைக்கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தார். சம்பள நாளன்று புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் தேடி அதை வாங்கி வந்தார். ஒரு மழை நாள் இடைவேளையில் அது என் கையிலிருந்து நழுவி, வகுப்புக்குப் பின்னால் ஓடும் கானில் விழுந்துவிட்டது. கலங்கல் தண்ணீரில் அந்தச் சிவப்பு ஒருமுறை மேலே வந்து காட்டிவிட்டு மதகுக்குள் போனது இன்னும் கண்ணில் இருக்கிறது. நான் மேசையில் தலையை வைத்து அழத் தொடங்கினேன்.

ரேடியோ வாங்கின் மேல் ஏறினாள். தொண்டையைச் செருமினாள். வகுப்பு அடங்கிவிட்டது.

“ஜெர்மனியைப் பிறப்பிடமாகவும், புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவைத் தற்காலிக வதிவிடமாகவும், ஏழாம் வகுப்பு இரண்டாம் வரிசை மேசை லாச்சியை நிரந்தர வதிவிடமாகவும் கொண்ட திருமதி அழிறப்பர் அவர்கள் இன்று காலை கானில் விழுந்து காலமானார். அன்னார் காலஞ்சென்ற கட்டைப் பென்சிலின் அன்பு மனைவியும், அடிமட்டம், கவராயம் ஆகியோரின் பாசமிகு சகோதரியும், பிழையான கணக்குகள் அனைத்தினதும் அருமைத் தாயாரும் ஆவார். அன்னாரின் பூதவுடல் மழை விட்டதும் முகத்துவாரத்தில் கடலில் சங்கமமாகும். இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், கொப்பிகள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும்.”

கணக்கு டீச்சர் எப்போது வந்தார் என்று யாருக்கும் தெரியாது. வாசலில் குடையை மடக்காமல் நின்று முழுவதையும் கேட்டிருக்கிறார். நாங்கள் எல்லாரும் எழும்பிவிட்டோம், ரேடியோ மட்டும் ஏற்கெனவே வாங்கின் மேல் நின்றாள். டீச்சர் யாழ்ப்பாணத்துக்காரர், சிரித்து நாங்கள் பார்த்ததில்லை. அவர் கேட்டது இவ்வளவுதான்: “தகவல் ஆர்?”

ரேடியோ என்னைக் கை காட்டினாள். “இவள்தான் டீச்சர். அழுறா பாருங்கோ, அழிறப்பர்.”

டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியதை இரண்டாம் வரிசையிலிருந்த நான் பார்த்தேன். ரேடியோவுக்கு அன்று தண்டனையும் கிடைத்தது, பாடம் முடியும்வரை வெளியே நின்றாள். அடுத்த திங்கட்கிழமை முதல் காலைக் கூட்டத்தில் செய்தி வாசிக்கும் வேலையும் அவளுக்குக் கிடைத்தது. எனக்கு அன்றிலிருந்து ஐம்பது வருசமாக அழிறப்பர் என்ற பெயர்.

பாடசாலை வாசலில் வெரளிக்காயை உப்பும் மிளகாய்த்தூளும் போட்டுக் கடதாசிச் சுருளில் விற்பார் ஒரு வயதானவர். பத்துச் சதத்துக்கு வாங்கி இருவரும் தின்போம், கொட்டையை எவ்வளவு தூரம் துப்புவது என்று போட்டி வேறு. செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடை அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்திவிட்டு, அப்படியே பொன்னம்பலவாணேஸ்வரர் கோயிலுக்கும் போவோம். இரண்டு இடத்திலும் ஒரே வேண்டுதல், கணக்குப் பாஸாக வேண்டும். ஆடிவேல் காலத்தில் செட்டியார் தெருவில் அப்பாவின் கடை மேல்மாடியில் நின்று தேர் பார்ப்போம். அப்போதும் அவள் வாய் ஓயாது. வெள்ளித் தேர் நகர்வதை நேர்முக வர்ணனை செய்துகொண்டிருப்பாள், கீழே நிற்பவர்கள் அண்ணாந்து பார்ப்பார்கள்.

அதே வருசம்தான் பாண் தட்டுப்பாடு. விடிய நாலு மணிக்கே பேக்கரி வாசலில் கியூ நிற்கும். அவளுடைய அப்பா துறைமுகத்தில் இரவு வேலை, என்னுடைய அம்மா வருத்தக்காரி, ஆகவே நாங்கள் இருவருமே போவோம். இருட்டில், தலையில் துவாயைப் போட்டுக்கொண்டு, குளிரில் நிற்கும் பெரிய ஆட்களுக்கு அவள் வானொலி விளம்பரம் ஒன்றொன்றாகச் சொல்லிக்காட்டுவாள். ஒருநாள் எங்களுக்கு முன்னால் ஆறு பேர் இருக்கும்போது பாண் முடிந்துவிட்டது. ஒருவரும் சத்தம் போடாமல் கலைந்து போகையில், பின்னாலிருந்து ஓர் ஐயா, “பிள்ளை, அந்தச் சவர்க்கார விளம்பரத்தை இன்னொருக்காச் சொல்லு” என்றார். சொன்னாள்.

அறிவிப்பாளர் ஆவாள் என்றுதான் நாங்கள் எல்லாரும் நினைத்தோம். அவளும் நினைத்தாள். “பொம்பிளைப் பிள்ளையின்ர குரலை ஊரெல்லாம் கேட்கிறதோ” என்று அவளுடைய அப்பா ஒரே சொல்லில் முடித்துவிட்டார். பிறகு ஒரு தனியார் கம்பெனியில் டெலிபோன் ஒப்பரேட்டர் ஆனாள். அதை அவள் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. “ஊர் கேட்கேல்லை, ஒவ்வொருத்தராக் கேக்கினம்” என்பாள். எனக்குத்தான் இன்றும் ஆறவில்லை.

இனி 1983. இதைப் பற்றி உங்கள் பத்திரிகையில் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், நான் அவளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். நாங்கள் அப்போது வெள்ளவத்தைக்கு வீடு மாறியிருந்தோம். ஜூலை 24, ஞாயிற்றுக்கிழமை. என் அம்மாவிடம் தைக்கக் கொடுத்த சட்டையை வாங்க 155ஆம் இலக்க பஸ்ஸில் வந்தவள், கதைத்துக் கதைத்து நேரம் போய் இரவு எங்களோடு தங்கிவிட்டாள். மறுநாள் விடிந்ததும் தமிழருக்கு எதிரான கலவரத்தில் ஊர் எரிந்தது. பின்வீட்டுச் சிங்கள அம்மா மதில் வழியாக எங்களை இழுத்து எடுத்துத் தன் சமையலறையில் பூட்டி வைத்தார். அவர் இல்லாவிட்டால் இந்தக் கடிதமும் இல்லை. அதற்குப் பிறகு இரத்மலானை விமான நிலைய முகாம்.

ஓடிய ஓட்டத்தில் குடும்பங்கள் சிதறிப்போயிருந்தன. தாய் ஒரு வாகனத்தில், பிள்ளை இன்னொரு வாகனத்தில். விமானக் கொட்டகைக்குள் இருக்கிற சனத்தில் யாரை எங்கே தேடுவது? இரண்டாம் நாள் காலை ரேடியோ ஒரு கொப்பித் தாளோடு சனத்துக்குள்ளே புகுந்து, தேடுகிற ஆட்களின் பெயர்களைக் கேட்டுக் கேட்டு எழுதினாள். ஒரு தகரப் பீப்பாவைக் கவிழ்த்து அதன் மேல் ஏறினாள். “தெஹிவளையிலிருந்து வந்த, ஆறு வயது, மஞ்சள் சட்டை போட்ட தம்பி தன் அப்பாவுக்காக இங்கே காத்திருக்கிறார்.” மைக் இல்லை, ஒன்றும் இல்லை. அந்தக் கொட்டகையின் கடைசி மூலைவரை கேட்டது. இருபது இருபத்தைந்து பெயர் வாசிப்பாள், இறங்குவாள், மறுபடி எழுதுவாள், ஏறுவாள். மஞ்சள் சட்டைத் தம்பியின் அப்பா அன்று பின்னேரமே வந்தார்.

அவள் வாசித்தது பிறந்தநாள் வாழ்த்துக் குரலில். எனக்கு முதலில் விளங்கவில்லை, இந்த நேரத்தில் ஏன் இப்படி என்று மனது துணுக்குற்றது. இரவில் சீமெந்துத் தரையில் படுத்திருக்கும்போது கேட்டேன். “பெயரையும் ஊரையும் வாசிச்சா சனம் மரண அறிவித்தல் எண்டு பயந்திடுமடி. அதுதான் மற்றக் குரல்” என்றாள்.

அந்தத் தாளில் அவளுடைய அப்பா அம்மாவின் பெயரும் இருந்தது. கொட்டாஞ்சேனையில் அவர்கள் இருக்கிறார்களா இல்லையா என்று அவளுக்குத் தெரியாது. மற்றப் பெயர்களோடு பெயராக, அதே குரலில், ஒவ்வொரு முறையும் வாசித்தாள். மூன்றாம் நாள் தொண்டை கட்டிவிட்டது. யாரோ ஓர் ஆச்சி முடிச்சிலிருந்து ஒரு துண்டு இஞ்சி எடுத்துக் கொடுத்தார், அதை மென்றுகொண்டு வாசித்தாள். ஐந்தாம் நாள்தான் செய்தி வந்தது, பெற்றோர் கொட்டாஞ்சேனையில் ஒரு தேவாலயத்தில் இருக்கிறார்கள் என்று. அன்றைக்குத்தான் அவள் அழுது நான் பார்த்தேன்.

நாங்கள் கப்பலில் காங்கேசன்துறைக்குப் போனோம். அவள் கொழும்பிலேயே நின்றுவிட்டாள். 1990இல் யாழ்தேவி ரயிலும் நின்றது, பாதையும் மூடியது. கடிதம் எப்போதாவது வரும், பிறகு அதுவும் இல்லை. 1995 இடப்பெயர்வில் கையிலிருந்த விலாசங்களும் போயின.

1997இல் கொழும்புக்கு வந்து வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் இருந்தேன். ஒருநாள் 155 பஸ்ஸில், சனத்துக்குள் நசுங்கி நிற்கையில், முன்பக்கத்தில் ஒரு பெண் கொண்டக்டரிடம் மிச்சக் காசு கேட்டுக்கொண்டிருந்தாள். சிங்களத்தில்தான். கேட்டுக்கொண்டிருந்தவள் திடீரென்று குரலைத் தாழ்த்தி, ஊர்ப் பெயர் வாசிப்பதுபோல நிறுத்தி நிறுத்தி, அந்த இரண்டு ரூபாய் எப்போது எங்கே காணாமல் போனது என்று சொல்லத் தொடங்கினாள். பஸ் சிரித்தது. ஆளை நான் பார்க்கவே இல்லை. “ரேடியோ!” என்று கத்தினேன். ஒரு நிமிசம் சத்தம் இல்லை. பிறகு முன்னாலிருந்து வந்தது: “அழிறப்பர்?”

இரண்டு பேரும் தும்முல்லைச் சந்தியில் இறங்கினோம். எங்கே போக ஏறினோம் என்பதையே மறந்துவிட்டோம்.

அதற்குப் பிறகு கல்யாணம், பேரப்பிள்ளை, சீனி வருத்தம் எல்லாவற்றுக்கும் போன்தான். 2019 ஏப்ரல் 21, ஞாயிறு காலை கொச்சிக்கடைத் தேவாலயத்தில் குண்டு வெடித்த செய்தி வந்ததும் முதல் அழைப்பு அவளுக்குத்தான் எடுத்தேன். வீடு தேவாலயத்திலிருந்து சில தெருக்கள் தள்ளி. எடுத்தாள், “இருக்கிறம்” என்றாள். அதற்கு மேல் பேசவில்லை. போனைக் காதில் வைத்தபடி இரண்டு பேரும் வெகுநேரம் சும்மா இருந்தோம். 2022இல் ஒரு நாள் அவளே எடுத்தாள். “காஸ் சிலிண்டரைச் சங்கிலியால கட்டி வச்சிட்டுக் கியூவில நிக்கிறன். 74இல பாண், இப்ப காஸ். பக்கத்தில உன்னைத்தான் காணேல்லை.” அந்த அழைப்பு முடியும்போது பின்னால் ஆட்கள் சிரிக்கிற சத்தம் கேட்டது.

இரண்டு வருசத்துக்கு முன் வத்தளைக்கு, மகன் வீட்டுக்குப் போனாள். கடைசியாகப் பேசியது பொங்கல் அன்று. அவள் இறந்த கிழமை நான் நாலு தரம் அழைத்தேன், யாரும் எடுக்கவில்லை. சுகமில்லாமல் இருப்பாள், பிறகு எடுப்பாள் என்று விட்டுவிட்டேன்.

அறிவித்தலைப் பார்த்த அன்று பின்னேரமே கிரியை. ஓட்டோ பிடித்துப் பொரளை மலர்ச்சாலைக்குப் போனேன். வாசலில் நின்ற மகள் என்னை யாரென்று தெரியாமல் விழித்தாள். பாடசாலைச் சிநேகிதி என்றேன். “அன்ரி, உங்கட பேர் என்ன?” பெயரைச் சொன்னேன். தெரியவில்லை. அப்புறம் ஏதோ தோன்றி, “அழிறப்பர்” என்றேன். அந்தப் பிள்ளை அப்படியே வாயைப் பொத்திக்கொண்டாள். கைப்பையிலிருந்து தாயின் போனை எடுத்துக் காட்டினாள். அவள் என் எண்ணை அந்தப் பெயரில்தான் போட்டு வைத்திருக்கிறாள். “ஆஸ்பத்திரியில இருக்கேக்க நாலு தரம் அழிறப்பர் எண்டு கோல் வந்தது அன்ரி. ஏதோ கொப்பி பேனை விக்கிற கடை எண்டு நினைச்சு நாங்கள் எடுக்கேல்லை.” சொல்லிவிட்டு என் தோளில் சாய்ந்து அழுதாள். அவள்மேல் பிழை சொல்ல ஒன்றுமில்லை. என்ன செய்வாள், அந்தப் பெயரின் கதை எங்கள் வகுப்புக்கு மட்டும்தானே தெரியும்.

கனத்தை மயானத்துக்குப் புறப்படுமுன் அறிவித்தலை யார் எழுதினார் என்று மகனிடம் கேட்டேன். பத்திரிகை அலுவலகத்தில் கேட்ட கேள்விகளுக்குச் சொன்னோம், அவர்கள் எழுதிக்கொண்டார்கள் என்றார். பிறப்பிடம், வதிவிடம், தகப்பன், தாய், கணவர், பிள்ளைகள், மருமக்கள், சகோதரங்கள், கிரியை எத்தனை மணிக்கு. சரி. எல்லாம் வேண்டியவைதான்.

ஆசிரியர் அவர்களே, உங்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று. அந்தப் பட்டியலின் கடைசியில் இன்னொரு கேள்வியையும் சேர்க்கச் சொல்லுங்கள்: ‘சிநேகிதர் யாருக்காவது அறிவிக்க வேண்டுமா?’ துக்கத்தில் நிற்கிற பிள்ளைகளுக்கு அது தானாக நினைவு வராது. கேட்டால் அம்மாவின் போனை ஒருமுறை திறந்து பார்ப்பார்கள். தெரியாத பெயர் இருந்தால் எடுத்துக் கேட்பார்கள். ஆஸ்பத்திரியிலிருந்தே கேட்டிருந்தால் அவள் காதில் ஒரு வார்த்தை சொல்லியிருப்பேன். எனக்கு அது கிடைக்கவில்லை, இன்னொருத்திக்குக் கிடைக்கட்டும். எங்கள் சனம் நாலு தேசத்தில் சிதறிக் கிடக்கிறது. உறவுக்காரருக்கு எப்படியோ செய்தி போய்விடும். கூடப் படித்தவர்களுக்குச் சொல்ல யாரும் இல்லை.

வருகிற 31ஆம் நாளுக்கு வந்து அம்மாவின் பாடசாலைக் கதை சொல்லுங்கள் என்று பிள்ளைகள் கேட்டிருக்கிறார்கள். போகிறேன். எங்கள் வகுப்பில் முப்பத்தெட்டுப் பேர். எங்கே இருந்தாலும் இதைப் படித்தால் பத்திரிகை அலுவலகத்துக்கு எழுதுங்கள், என் விலாசத்தைக் கொடுத்து வைத்திருக்கிறேன். அந்த அழிறப்பர் அறிவித்தலில் ஒரு வரி எனக்குச் சந்தேகம். கவராயம் சகோதரியா, மைத்துனியா? யாருக்காவது சரியாக நினைவிருந்தால் அதையும் எழுதுங்கள். பிள்ளைகளுக்குப் பிழையில்லாமல் சொல்ல வேண்டும்.

இதோ, விடுபட்ட வரி. கட்டணம் எவ்வளவு என்றாலும் கட்டுகிறேன்.

அன்னார், 1974ஆம் ஆண்டு ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் முப்பத்தேழு பேரின் அன்புத் தோழியும் ஆவார்.

தகவல்: அழிறப்பர்
வெள்ளவத்தை